புல்லட் போடும்போது வரும் சந்தேகங்கள்: தமிழில் எழுதுவோருக்கும் பக்கம் அமைப்போருக்கும்

பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நாம் வைக்கும் • என்ற கறுப்புப் புள்ளியைப் பற்றிய கேள்வி பதில் இது. நூல்கள், மலர்கள், ஆண்டறிக்கைகள் என்று தமிழில் பக்கம் அமைக்கும் வேலையில் இருப்பதால், எழுதுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்ட விதிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே எடுத்துத் தமிழில் வைத்தால் பல இடங்களில் வாக்கியம் நொண்டும். அந்த இடங்களில் கொஞ்சம் நின்று பேசியிருக்கிறேன். மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிட்டேன்.

எங்கே புல்லட், எங்கே எண்?

வரிகளை இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றினாலும் எதுவும் கெடவில்லை என்றால் புல்லட், கெட்டால் எண். சாம்பாருக்குத் தேவையான பொருள்களைப் புல்லட் போட்டு எழுதலாம். துவரம்பருப்பு முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் ஒன்றுதான். செய்முறைக்கு எண் வேண்டும். பருப்பை வேக வைக்கும் வரி தாளிக்கும் வரிக்குப் பின்னால் போனால் சாம்பார் வராது.

வரிசை முக்கியமில்லாத இடத்திலும் எண் தேவைப்படும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. பின்னால் யாராவது அந்த வரியைச் சுட்டிக் காட்ட வேண்டியிருக்கும் என்றால் எண்தான் போட வேண்டும். சங்க விதிகள், ஒப்பந்தம், தீர்மானம், வாடகைப் பத்திரம் எல்லாம் இந்த வகை. "4-ஆவது விதிப்படி" என்று கூட்டத்தில் எழுந்து சொல்லலாம். "மேலிருந்து நாலாவது புள்ளிப்படி" என்று சொன்னால் எல்லோரும் விரல் வைத்து எண்ணத் தொடங்குவார்கள். நம் சட்டங்களிலும் அரசாணைகளிலும் பத்திக்குப் பத்தி எண் இருப்பது இதற்காகத்தான்.

"விண்ணப்பதாரர் கட்டாயம்:" என்று தொடங்கிக் கீழே பட்டியல் போட்டேன். படிக்க ஒரு மாதிரியாக இருக்கிறது. ஏன்?

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும். பட்டியலுக்கு மேலே வரும் முன்வரியில் வினையை வைத்துவிட்டு மிச்சத்தைப் புல்லட்டுகளாகத் தொங்கவிடலாம். அதைப் பார்த்து நாம் எழுதினால் இப்படி ஆகிறது:

விண்ணப்பதாரர் கட்டாயம்
• ஆதார் அட்டை நகல்
• குடும்ப அட்டை நகல்
• இரண்டு புகைப்படங்கள்
ஆகியவற்றை இணைக்க வேண்டும்.

மூன்று வரியைத் தாண்டும் வரை படிப்பவருக்கு என்ன செய்யச் சொல்கிறார்கள் என்றே தெரியாது. இணைப்பதா, காட்டுவதா, வாங்கிக்கொண்டு போவதா? பட்டியல் எட்டு வரி என்றால், "இணைக்க வேண்டும்" வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டால் இன்னும் மோசம்.

வழி எளிது. வாக்கியத்தை முதலில் முடித்துவிடுங்கள்; பட்டியல் அப்புறம் வரட்டும்.

விண்ணப்பத்துடன் இவற்றை இணைக்க வேண்டும்:
• ஆதார் அட்டை நகல்
• குடும்ப அட்டை நகல்
• இரண்டு புகைப்படங்கள்

இங்கே "இவற்றை" என்ற ஒரே சொல் வேற்றுமை உருபைத் தாங்கிக்கொள்கிறது. அதனால் கீழே உள்ள வரிகளில் "நகலை", "படங்களை" என்று ஐ உருபு ஒட்ட வேண்டியதில்லை. பெயர் அப்படியே நிற்கலாம். "இவற்றுக்கு", "இவற்றில்", "இவர்களிடம்" என்று எந்த உருபு தேவையோ அதை முன்வரிச் சொல்லே சுமக்கும்.

ஒவ்வொரு வரிக்கும் வேறு வேறு வினை வேண்டுமென்றால் (நகலை இணைக்கணும், மூலத்தைக் காட்டணும், கட்டணத்தைச் செலுத்தணும்) முன்வரியில் திணிக்கப் பார்க்காதீர்கள். "விண்ணப்பிக்கும் முறை" என்று ஒரு சிறு தலைப்புப் போதும். கீழே ஒவ்வொன்றும் முழு வாக்கியமாக இருக்கட்டும்.

தகுதிகளைப் பட்டியல் போடும்போது எல்லாம் இருக்க வேண்டுமா, ஒன்று இருந்தால் போதுமா என்று எப்படிக் காட்டுவது?

முன்வரியில் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலப் பட்டியலில் கடைசிக்கு முந்தைய வரியின் முடிவில் ஒரு இணைப்புச் சொல்லை வைத்துச் சமாளிப்பார்கள். நம் உம்மையும் ஓகாரமும் சொல்லோடு ஒட்டி வருபவை. தனியாக வரி முடிவில் நிற்காது. அங்கே "மற்றும்" அல்லது "அல்லது" போட்டு முடித்தால் மொழிபெயர்த்த படிவத்தின் வாசனை வரும். அது முதல் மூன்று வரிக்கும் சேர்த்தா, கடைசி இரண்டுக்கு மட்டுமா என்ற குழப்பமும் சேர்ந்து வரும்.

"கீழ்க்கண்ட அனைத்தும் பொருந்தினால் மட்டுமே விண்ணப்பிக்கலாம்:" அல்லது "கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே விண்ணப்பிக்கலாம்:". இவ்வளவுதான். உதவித்தொகை அறிவிப்பில் இந்த ஒரு வரி விடுபட்டால், தகுதி உள்ளவர்கள் தமக்கில்லை என்று நினைத்து ஒதுங்கிவிடுவார்கள்.

பட்டியல் முழுமையானதா, உதாரணத்துக்குச் சிலவா என்பதையும் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். ஓடும் உரைநடையில் இதற்குத் தமிழில் அருமையான ஏற்பாடு இருக்கிறது. "குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகிய ஐந்திணைகள்" என்றால் அவ்வளவுதான், ஆறாவது கிடையாது. "மா, பலா முதலிய மரங்கள்" என்றால் இன்னும் உண்டு. ஒரு சொல்லில் கதவை மூடவும் திறந்து வைக்கவும் முடிகிறது. ஆனால் இந்த இரண்டு சொல்லும் பெயர்களுக்குப் பின்னால் வருபவை. பட்டியலைச் செங்குத்தாக அடுக்கியதும் இவை உதிர்ந்துவிடுகின்றன. படிப்பவருக்குக் கதவு திறந்திருக்கிறதா என்பது தெரியாமல் போகிறது.

எனவே அதையும் முன்வரிக்கே கொண்டுவர வேண்டும்: "பின்வருவன மட்டும்", "எடுத்துக்காட்டாகச் சில". இதைவிட நல்ல வழி, எண்ணிக்கையை முதலில் சொல்வது. முக்கனி, ஐந்திணை, அறுசுவை, நவதானியம் என்று தொகையை முன்னால் வைத்துப் பழகிய மொழி இது. "தேவையான ஆவணங்கள் நான்கு:" என்று தொடங்கினால் பட்டியல் முழுமையானது என்பது அதிலேயே தெரிந்துவிடும். பக்கம் அமைக்கும்போது ஒரு வரி தவறிப்போனாலும் மெய்ப்புப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். நான்கு என்று போட்டு மூன்று இருந்தால் கண்ணில் குத்தும் அல்லவா?

கடைசிப் புல்லட்டாக "இன்னும் பல" என்று ஒரு வரி போடுவதை விழா அழைப்பிதழ்களில் அடிக்கடி பார்க்கலாம். பட்டிமன்றத்துக்கும் பரதநாட்டியத்துக்கும் சமமாக "இன்னும் பல" என்றொரு நிகழ்ச்சி! தயவுசெய்து வேண்டாம்.

வரிகள் எல்லாம் ஒரே மாதிரி முடிய வேண்டுமா?

ஆமாம். புல்லட் போட்டாலே "இவை எல்லாம் ஒரே தரம், ஒரே வகை" என்று சொல்லிவிடுகிறோம். இலக்கணமும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். ஊராட்சி அறிக்கைகளில் வரக்கூடிய ஒரு பட்டியலைப் பாருங்கள்:

• மழைநீர் சேகரிப்பு
• குளங்களைத் தூர்வார வேண்டும்
• மரம் நடுதல்
• பிளாஸ்டிக்கை ஒழிப்போம்!

முதல் வரி திட்டத்தின் பெயர். இரண்டாவது கோரிக்கை. மூன்றாவது நிகழ்ச்சி நிரலில் வரும் தலைப்பு. நான்காவது ஊர்வலத்தில் போடும் கோஷம். யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதே வரிக்கு வரி மாறுகிறது. "மழைநீரைச் சேகரித்தல், குளங்களைத் தூர்வாருதல், மரம் நடுதல், பிளாஸ்டிக்கை ஒழித்தல்" என்று ஒரே அச்சில் ஊற்றினால் சரியாகிவிடும்.

எந்த முடிவைத் தேர்ந்தெடுப்பது என்பது இடத்தைப் பொறுத்தது. பொது அறிவிப்புக்குச் "செலுத்தவும்", "இணைக்கவும்" என்ற வடிவம் பழகியது. நேரடியாக வாசகரிடம் பேசும் எழுத்து என்றால் "செய்யுங்கள்" நன்றாக இருக்கும். தீர்மானங்களுக்கும் நோக்கங்களுக்கும் "-தல்" பொருந்தும். ஆனால் பக்கம் முழுக்க "-தல்", "-தல்" என்று போனால் பாடத்திட்டம் படிப்பது போல அலுப்புத் தட்டும். பத்து வரிக்கு மேல் போனால் நான் எழுதியவரிடம் பேசி வினைமுற்றாக மாற்றிவிடுவேன்.

வரி முடிவில் முற்றுப்புள்ளி வைக்கலாமா?

முழு வாக்கியம் என்றால் வையுங்கள். வெறும் பெயர் என்றால் வேண்டாம். ஒரே பட்டியலில் சிலதற்கு வைத்துச் சிலதற்கு விடக்கூடாது. அரைப்புள்ளி வைத்து அடுக்கும் வழக்கம் சட்டப் பத்திரங்களில் உண்டு. மற்ற இடங்களில் புதுவரியே போதுமான நிறுத்தம்.

எந்த உருவத்தைப் போடுவது? சதுரம், நட்சத்திரம், டிக் எல்லாம் இருக்கிறதே.

சந்தேகம் வந்தால் சாதா வட்டப் புள்ளி. அது எதையும் சொல்லாது, அதுதான் அதன் நல்ல குணம். மற்ற உருவங்கள் எல்லாம் ஏதோ ஒன்றைச் சொல்லும்.

✓ போட்டால் "முடிந்தது" அல்லது "உண்டு" என்று பொருள். இனிமேல் செய்ய வேண்டிய வேலைகளுக்கு டிக் போட்டுக் கொடுத்தால் எல்லாம் முடிந்துவிட்டதாக ஒருவர் நினைக்கலாம். அதற்கு ☐ என்ற காலிக் கட்டம் இருக்கிறது. அச்செடுத்துப் பேனாவால் டிக் அடிக்கலாம். ★ தரவரிசையை நினைவூட்டும். சிறு கோடு (–) பிரெஞ்சு அச்சு மரபில் பட்டியலுக்கு வழக்கமானது, பார்க்கவும் அடக்கமாக இருக்கும். ஆனால் வரி எண்ணில் தொடங்கினால் வம்பு. "– 500 ரூபாய் முன்பணம்" என்பதைக் கழித்தல் குறியாகப் படிக்க ஒருவராவது இருப்பார்.

சுட்டும் கைக்கு (☞) நீண்ட பரம்பரை உண்டு. நடுக்கால ஐரோப்பாவில் கையெழுத்து ஏடுகளைப் படித்தவர்கள், முக்கியமான இடத்துக்கு நேராக ஓரத்தில் ஒரு கையை வரைந்து வைத்தார்கள். பிறகு அது அச்சு எழுத்தாகவே வார்க்கப்பட்டது. இன்று வாட்ஸ்அப்பில் வரும் 👉 அதன் வாரிசுதான். ஆனால் அது "இதைப் பார்" என்று ஒன்றை மட்டும் காட்டுவதற்கான கை. பன்னிரண்டு வரிக்கும் பன்னிரண்டு கை வைத்தால் எதைப் பார்ப்பது?

•, ·, ∙, ● எல்லாம் ஒன்றுதானே?

கண்ணுக்கு மட்டும்தான். கணினிக்கு நான்கும் நான்கு எழுத்துகள். ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் பொது ஏற்பாடுதான் யூனிகோட். அதன் பதினாறடிமான எண்ணில் 2022 என்பது புல்லட் (•). · என்பது நடுப்புள்ளி; கட்டலான் மொழியில் இரண்டு "ல"கரங்களைப் பிரிக்க இதையே எழுத்துக்கு நடுவில் வைக்கிறார்கள். 2219 என்பது கணிதக் குறி (∙). ● வடிவியல் உருவங்களின் பட்டியலில் இருக்கும் வட்டம். புல்லட்டாகப் போட்டால் அளவு பெரிதாகி எழுத்தை மிரட்டும்.

கலந்து போட்டால் என்ன என்று கேட்கலாம். அச்சில் அளவு மாறித் தெரியும். தேடி மாற்றும்போது பாதி சிக்கும், பாதி தப்பிவிடும். இன்னொன்றும் உண்டு. நீங்கள் போட்ட தமிழ் எழுத்துருவில் அந்தக் குறி இல்லாவிட்டால், கணினி வேறு எழுத்துருவிலிருந்து இரவல் வாங்கிப் போடும். வரியின் உயரத்துக்குப் பொருந்தாமல் புள்ளி மேலேயோ கீழேயோ நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். புள்ளி எழுத்தின் உடல் நடுவில் நிற்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி நிற்கும் உயரத்துக்குப் போய்விட்டால் தமிழில் அது கண்ணை ஏமாற்றும். ஒரே வரியில் ஊர்ப் பெயர்களைப் பிரிக்க (கோவை • மதுரை • நெல்லை) போடும்போது இருபுறமும் நல்ல இடைவெளி விடச் சொல்வது இதனால்தான்.

• குறியைத் தட்டச்சு செய்வது எப்படி?

விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண் பலகையில் 0149. மேக்கில் ஆப்ஷனும் 8-உம். கைப்பேசி விசைப்பலகைகளில் குறிகளின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும்.

ஆனால் பட்டியலுக்கு இதைக் கையால் அடிக்கவே வேண்டாம். வேர்டில் வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் ஓர் இடைவெளியும் போட்டால் அதுவே பட்டியலாக மாறிக்கொள்ளும். கூகுள் டாக்ஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தலாம். 8-க்குப் பதில் 7 என்றால் எண் பட்டியல். கையால் அடித்த புள்ளி வெறும் எழுத்து. பொத்தானை அழுத்தி வருவது பட்டியல். இந்த வேறுபாடு கீழே இரண்டு இடங்களில் மறுபடி வரும்.

வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் புள்ளிகள் கட்டமாகவோ விசித்திர எழுத்துகளாகவோ மாறுகின்றன. ஏன்?

எங்களுக்கு வரும் கோப்புகளில் தினமும் பார்க்கும் சங்கதி இது. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும்.

யூனிகோட் பரவும் முன் குறிகளுக்கென்று தனி எழுத்துருக்கள் செய்தார்கள். ஹெர்மன் சாஃப் 1978-இல் வடிவமைத்த சாஃப் டிங்பேட்ஸ் அவற்றில் புகழ்பெற்றது. 1990-இல் மைக்ரோசாஃப்டின் விங்டிங்ஸ் வந்தது. அதிலிருக்கும் உருவங்கள் சார்ல்ஸ் பிகெலோ, கிரிஸ் ஹோம்ஸ் இருவரும் வரைந்தவை. இந்த எழுத்துருக்களில் நீங்கள் ஒரு எழுத்தை அடிப்பீர்கள், அது படமாகத் தெரியும். அடியில் இருப்பது அதே எழுத்துதான். மேலே முகமூடி மட்டும் வேறு. பழைய தமிழ் எழுத்துருக்களும் இதே தந்திரத்தில்தான் ஓடின. பாமினியில் அடித்ததை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தது நினைவிருக்கும்.

வேர்ட் இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அதன் முதல் நிலைப் புள்ளி சிம்பல் என்ற எழுத்துருவிலிருந்து வருகிறது. இரண்டாம் நிலையில் தெரியும் காலி வட்டம் உண்மையில் கூரியர் எழுத்துருவில் உள்ள ஆங்கில "ஓ" எழுத்து. மூன்றாம் நிலைச் சதுரம் விங்டிங்ஸ் முகமூடி போட்ட § என்ற குறி. அதே எழுத்துருவில் டிக் என்பது மேலே இரண்டு புள்ளி வைத்த "யூ". அம்புக்குறி என்பது குறுக்கே கோடு போட்ட "ஓ". பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனிலோ மின்னஞ்சலிலோ ஒட்டும்போது முகமூடி கழன்றுவிடுகிறது. தமிழ் வரிகளுக்கு முன்னால் § வரிசையாக நிற்கும். சிம்பல் எழுத்துருவின் புள்ளி, யூனிகோடில் யாருக்கும் ஒதுக்காத தனிப்பயன் பகுதியில் பதிவாவதால் காலிக் கட்டமாகிவிடும்.

தீர்வு இரண்டு. கோப்பையே அனுப்புங்கள், இன்டிசைன் வேர்ட் கோப்பை இறக்குமதி செய்யும்போது பட்டியலைப் பட்டியலாகவே எடுத்துக்கொள்ள வழி உண்டு. ஒட்டித்தான் ஆகணும் என்றால், புள்ளிகளை எடுத்துவிட்டு வெறும் வரிகளாக ஒட்டி, அங்கே போய்ப் பட்டியலாக்குங்கள்.

இரண்டாவது வரி புள்ளிக்கு அடியில் போய்விடுகிறது. இடைவெளி தட்டித் தட்டிச் சரிசெய்கிறேன். வேறு வழி?

இடைவெளி தட்டவே தட்டாதீர்கள். எழுத்தின் அளவை மாற்றிய மறுநிமிடம் எல்லாம் கலைந்துவிடும். தேவையானது தொங்கும் உள்தள்ளல்: முதல் வரி புள்ளியோடு தொடங்கும், மற்ற வரிகள் எல்லாம் முதல் எழுத்துக்கு நேர் கீழே தொடங்கும். புள்ளிகள் ஓரத்தில் தனியாக நின்றால்தான் கண் மேலிருந்து கீழே ஓடி எத்தனை என்று பிடிக்கும். பட்டியல் பொத்தானைப் பயன்படுத்தினால் இது தானாகவே வரும். அளவு அதிகமாகத் தோன்றினால் மேலே உள்ள அளவுகோலில் இழுத்துக் குறைக்கலாம். 11 பாயிண்ட் தமிழ் எழுத்துக்கு நான் நான்கைந்து மில்லிமீட்டர் வைப்பேன்.

பட்டியலில் இருபுறமும் சீராக்க வேண்டாம். இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, உள்தள்ளியதால் பத்தி இன்னும் குறுகியிருக்கும். "செயல்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது" போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்குப் போனால் மேல் வரியில் ஆற்று மணல் திட்டுபோல வெள்ளை இடைவெளிகள் விழும். சொல்லை உடைக்கத்தான் வேண்டுமென்றால் தமிழில் இணைகோடு போடாமலே உடைக்கும் வழக்கம் உண்டு. புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பட்டியலில் எத்தனை வரை போகலாம்? ஏழுக்கு மேல் கூடாது என்கிறார்களே.

அந்த ஏழு, உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. உடனடி நினைவில் எத்தனை துணுக்குகளை வைத்துக்கொள்ள முடியும் என்பதைப் பற்றியது அது. தாளில் கண்முன் இருக்கும் பட்டியலை யாரும் மனப்பாடம் செய்யப் போவதில்லையே. மளிகைச் சீட்டு முப்பது வரி இருக்கலாம், தவறில்லை. நீளமாகிறது என்று தோன்றினால் வகை பிரித்துச் சிறு தலைப்புகள் கொடுங்கள்.

எண்ணிக்கையைவிட ஆபத்தானது அடுக்கு. புல்லட்டுக்குள் புல்லட், அதற்குள் இன்னொன்று.

அடுக்கினால் என்ன ஆபத்து?

2003 பிப்ரவரி 1-ஆம் தேதி கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஜனவரி 16-ஆம் தேதி கலம் கிளம்பும்போதே எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியிருந்தது. அது எவ்வளவு மோசம் என்று கலம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் ஆராய்ந்து நாசாவுக்குச் சொன்னார்கள். சொன்னது பவர்பாயிண்ட் பக்கங்களில்.

அவற்றில் ஒரு பக்கத்தைத் தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்டு டஃப்டி பிரித்து மேய்ந்தார். விசாரணைக் குழுவின் அறிக்கையிலும் அது இடம்பெற்றது. பக்கத்தின் தலைப்பு, ஆறுதல் தரும் தொனியில் இருக்கிறது: சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே நிற்கின்றன என்பதுபோல. கீழே புல்லட், உள்புல்லட், அதற்குள் இன்னொன்று என்று எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது. அடியில், கடைசி உள்வரியில் ஒளிந்திருக்கும் செய்தி இது: மோதிய துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனைகளில் பயன்படுத்தியது 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. கையில் இருந்த சோதனைகள் எதுவும் இந்த மோதலுக்குப் பொருந்தாது என்று அர்த்தம். தலைப்பில் வந்திருக்க வேண்டியது அடித்தட்டில் கிடந்தது. உயிருக்கு ஆபத்தான விஷயம் இது என்று உணராமலே ஒரு மேலதிகாரி அந்தப் பக்கத்தைப் படித்து முடித்திருக்கக்கூடும் என்றுதான் விசாரணைக் குழுவும் எழுதியது.

விபத்துக்குக் காரணம் புல்லட் என்று சொல்ல வரவில்லை, காரணங்கள் பல. ஆனால் உள்ளே தள்ளிய வரி "நான் சிறியவன், விட்டுவிடு" என்று சொல்கிறது என்பதை மறக்கக் கூடாது. இரண்டு நிலைக்கு மேல் போகும் கைப்பிரதி வந்தால், மூன்றாம் நிலையில் என்ன இருக்கிறது என்று முதலில் அதைத்தான் நான் படிப்பேன்.

கட்டுரையைப் புல்லட்டுகளாக மாற்றித் தரச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

வரியின் முதல் சொல்லைப் பாருங்கள்.

• இந்த ஆண்டு மழை குறைந்தது
• எனவே விளைச்சல் சரிந்தது
• ஆனாலும் விலை ஏறவில்லை

"எனவே", "ஆனாலும்", "அதனால்" என்று வரி தொடங்கினால் அது பட்டியலே அல்ல. முந்தைய வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வாதம். அந்த இணைப்புச் சொற்களை வெட்டிவிட்டுப் புல்லட் போட்டால் மூன்று தனித்தனித் தகவல்கள் கிடைக்கும், காரணகாரியம் போய்விடும். இதைப் பத்தியாகவே விடச் சொல்லி நான் மல்லுக்கட்டுவேன். பல தடவை தோற்றும் போவேன்.

எண்ணுக்குப் பதில் அ, ஆ, இ போடலாமா? தமிழ் எண்கள்?

(அ), (ஆ), (இ) தாராளமாகப் போடலாம். வினாத்தாள்களிலும் சட்ட உட்பிரிவுகளிலும் பழகியதுதான். உயிர் பன்னிரண்டோடு தீர்ந்துவிடும், அதற்கு மேல் போகுமென்றால் எண்ணுக்கு மாறிவிடுங்கள். மெய்வரிசையைத் தொடாதீர்கள். க-வுக்கு அடுத்து ங வருவதா, கா வருவதா, ச வருவதா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

தமிழ் எண்கள் பார்க்க அழகு, பட்டியலில் குழப்பம். ௧ என்பது க போலவும் ௨ என்பது உ போலவும் ௭ என்பது எ போலவும் ௮ என்பது அ போலவும் இருக்கும். "௮." என்று ஒரு வரி தொடங்கினால் அது எட்டாவதா, முதலாவதா? பத்தாவது வரியில் இன்னொரு சிக்கல். பழைய முறையில் பத்துக்கு ௰ என்று தனிக்குறி. வலைப்பக்கங்களின் தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் "தமிழ்" என்ற பட்டியல் எண் வகையைத் தேர்ந்தெடுத்தால் ௧௦ என்று சுழியத்தோடு வரும். அந்தச் சுழியமே 2005-இல் வெளியான யூனிகோட் 4.1-இல்தான் சேர்ந்தது. திருமண மலர், பண்பாட்டு விழா இதழ் என்றால் சரி. மருந்து உட்கொள்ளும் முறைக்கு வேண்டாம்.

பார்வையற்றவர்கள் கேட்டுப் படிக்கும்போது புல்லட் எப்படி ஒலிக்கும்?

முறையான பட்டியலாக இருந்தால் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் பட்டியல் தொடங்குகிறது, இத்தனை வரிகள் என்று முன்னதாகவே சொல்லும். வேண்டாமென்றால் கேட்பவர் முழுப் பட்டியலையும் தாண்டிப் போய்விடலாம். கையால் அடித்த புள்ளி என்றால் இந்த வசதி எதுவும் இல்லை. 👉 போட்டிருந்தால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்தப் படத்தின் பெயரை முழுதாக வாசிக்கும். பதினைந்து வரி அறிவிப்பில் பதினைந்து தடவை கேட்டுப் பாருங்கள், தெரியும்.

இணையதளம் வடிவமைப்பவர்களுக்கு ஒன்று. புள்ளி வேண்டாம் என்று சிஎஸ்எஸ்ஸில் மறைத்தால், ஆப்பிளின் சஃபாரி உலாவி அதைப் பட்டியலாகவே கருதாமல் விட்டுவிடும். பட்டியல் என்ற பங்கை எச்டிஎம்எல்லில் வெளிப்படையாக எழுதிவிட்டால் திரும்பி வந்துவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போடுகிறேன். அங்கே?

2024 பிப்ரவரியிலிருந்து வாட்ஸ்அப்பிலேயே பட்டியல் வசதி இருக்கிறது. சிறு கோடும் ஓர் இடைவெளியும் அடித்து எழுதினால் புள்ளியாக மாறிவிடும். எண், முற்றுப்புள்ளி, இடைவெளி என்றால் எண் பட்டியல். நட்சத்திரக் குறியாலும் முடியும், ஆனால் அங்கே அதுவே எழுத்தைத் தடிமனாக்கும் குறியும் என்பதால் நான் கோட்டையே சொல்வேன். கூட்டம் நடக்கும் தேதியையும் இடத்தையும் பட்டியலுக்குள் போடாமல் மேலே தனி வரியில் போடுங்கள். குழுவில் பாதிப் பேர் "மேலும் படிக்க" என்பதைத் தட்டுவதே இல்லை.